பச்சைப் பொட்டு வைத்த கோப்பு

வந்திருந்தவர்கள்:

திருமதி நசீமா பேகம், மருந்து மேற்பார்வைக் குழு, விசாரணை அதிகாரி.
டாக்டர் கமலக்கண்ணன், மருத்துவமனை இயக்குநர்.
பஞ்சவர்ணம், வயது 53, நூற்பாலை மேற்பார்வையாளர், பாதிக்கப்பட்டவர்.
லோகநாதன், அவர் மகன், பள்ளி ஆசிரியர்.
இன்பராஜ், ஒளி அறை டெக்னீஷியன், இரவு ஷிப்ட்.

கடைசியில் இருப்பவன் நான். பட்டியலில் விட்டுப்போனவர் விக்டோரியா. கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விசாரணைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் பெயர் சேர்க்கவில்லை. ஆனால் அதிகாரியைத் தவிர அறையில் இருந்த எல்லோரும் அவருக்காகத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மணி மூன்று பத்து.

திங்கட்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு விக்டோரியாவின் உடம்பில் மூன்றாவது ஊசி இறங்கியது. அன்றிலிருந்து தொண்ணூற்றாறு மணி நேரத்துக்குள் அவர் மேல் ஒளி பட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை மேற்பார்வைக் குழுவிலிருந்து ஆள் வந்து ஒளி அறைக்கு சீல் வைத்துவிட்டார்கள். புதன்கிழமை நடக்க வேண்டிய விசாரணை வெள்ளிக்குத் தள்ளிப்போனது. சென்னையில் இருக்கும் இன்னொரு ஒளி அறையில் அடுத்த வாரம் வரை இடமில்லை. இன்று மாலை ஐந்து இருபது தாண்டினால் அவர் உடம்பில் இருக்கும் மருந்து தானாக உடைந்து ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் தாங்கினால் அதிர்ஷ்டம். தாங்கினாலும் மறுபடி அந்த ஊசி போட முடியாது. உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டு வெளியே தள்ளிவிடும்.

மாடிப்படியில் ஏறும்போதே இயக்குநர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்குனியா இன்பராஜ்?"

"இல்ல சார்."

"அந்தம்மா கேப்பாங்க, நோயாளிகிட்ட நேரா கேட்டியான்னு. கேட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"கேக்கலையே சார்."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா? நீ கேட்டே, அவங்க இல்லேன்னாங்கன்னா, அது நோயாளி மறைச்சது. எச்சரிக்கை எழுதிட்டு சீலை எடுத்துருவாங்க. நீ கேக்கலேன்னா நம்ம நடைமுறைத் தப்பு. ஆறு மாசம் பூட்டு. தாழ்வாரத்துல ஒருத்தி உக்காந்திருக்கா, பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்காகச் சொல்லல."

அதில் பாதி பொய். மறு பாதி உண்மை என்பதுதான் தொல்லை.

நசீமா பேகம் கோப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார். ஐம்பது வயதிருக்கும். அவசரமே இல்லாத கை.

"டாக்டர் சொன்னா எனக்கு அரை மணி நேரம் ஆகும். நீங்க சொல்லுங்க. இந்த மருந்து என்ன பண்ணுது?"

"மூணு ஊசி மேடம். மூணும் தனித்தனியா ரத்தத்துல சுத்துற வரைக்கும் ஒன்னும் பண்ணாது. உப்புத் தண்ணி மாதிரிதான். புற்றுக்கட்டி இருக்கற எடத்துல ஒரு நொதி சுரக்கும். பக்கத்துச் சதைய அரிச்சு அரிச்சு வழி பண்ணிக்க. அந்த நொதி பட்டதும் மூணும் ஒன்னோட ஒன்னு கோத்துக்கும். யாரும் கோக்க வேண்டாம், தானா உருண்டையாயிரும். கண்ணுக்குத் தெரியாத உருண்டை. உள்ள மருந்து."

"அப்புறம்?"

"நாலாம் நாள் வெளியில இருந்து ஒளி அடிப்போம். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அது பட்டா உருண்டை சூடாகும். அம்பது டிகிரி வரைக்கும் போகும். கட்டி வேகும். உருண்டை ஒடைஞ்சு மருந்தும் அங்கயே கொட்டும். சூடும் மருந்தும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல. தலைமுடி கொட்டாது, வாந்தி வராது."

"அப்ப இவங்க நாக்கு எப்படி வெந்துச்சு?"

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தார். காதுக்குக் கீழே இருந்த கட்டி இப்போது இல்லை. நூற்றுக்கு நூறு போய்விட்டது என்று ஸ்கேன் சொல்கிறது. நாக்கில் முன்பாதியும் இல்லை. நூற்பாலையில் அறுபது எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்தி வேலை வாங்கியவர். இப்போது கையில் ஒரு போன். தட்டச்சு செய்தால் அது படித்துச் சொல்லும். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில்.

"ஆறிக்கிட்டிருக்கற புண்ணுலயும் அதே நொதி சுரக்கும் மேடம்," என்றேன். "புதுச் சதை வளர வழி பண்ணணும்ல. மருந்துக்கு எது புத்து, எது புண்ணுன்னு தெரியாது. அதனாலதான் ஏழாவது கேள்வி. பத்து நாளுக்குள்ள உடம்புல எங்கயாவது காயம் உண்டா, ஊசி குத்துனது, பல் புடுங்குனது, காது குத்துனது உட்பட."

"இவங்களுக்கு இருந்த காயம்?"

லோகநாதன் முந்திக்கொண்டான். "அலகு மேடம். நாக்குல சின்ன வேல். மில்லுல கூட வேலை பாக்கறவங்களோட கோயிலுக்குப் போயிருக்காங்க. எனக்குச் சொல்லல. நான் அப்ப வெளியூர்ல தேர்வுப் பணியில இருந்தேன்."

"ஏம்மா அலகு குத்துனீங்க?"

பஞ்சவர்ணத்தின் கட்டைவிரல் நகர்ந்தது. போன் பேசியது. "கேன்சர் குணமாகணும்னு வேண்டுதல்."

அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி, மகன் கேட்பது அதுதான் முதல் தடவை என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்," என்றான். "சுரப்பி வீக்கம்னுதான் சொல்லியிருந்தோம். மாமா, சித்தி, எல்லாரும் அப்படித்தான் பேசுனோம்."

"ஆஸ்பத்திரி வாசல்ல போர்டு இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்," என்றது போன். கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத் தெரியாதுன்னு இவன்தான் நெனச்சிருந்தான். வருத்தப்படுவானேன்னு விட்டுட்டேன்."

"அம்மா, நீ ஏன் எங்கிட்ட..."

"வாயை மூடு லோகு." அதே செய்திக் குரல். ஏற்ற இறக்கமே இல்லாமல். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நசீமா பேகம் சிரிக்கவில்லை. கோப்பின் மேலட்டையைத் திருப்பிக் காட்டினார். வலது மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சை ஒட்டுப்பொட்டு.

"இது என்ன?"

"கோப்பு அடுக்கறதுக்கு," என்றார் இயக்குநர். "வார்டு வாரியா."

அது பொய். பச்சைப் பொட்டு என்றால் நோயாளிக்கு நோயின் பெயர் தெரியாது, குடும்பம் சொல்ல வேண்டாம் என்கிறது என்று அர்த்தம். பத்துக் கோப்பில் எட்டு கோப்புக்குப் பொட்டு உண்டு. பொட்டு இருந்தால் அந்த வார்த்தையை நர்ஸ் முதல் துப்புரவு அக்கா வரை யாரும் உச்சரிக்க மாட்டோம். கட்டி, வீக்கம், நீர்க்கோவை என்று எதையாவது சொல்வோம். கேள்விகளை நோயாளியிடம் கேட்டால் பேச்சு எங்கெங்கோ போய் உண்மை வெளியே வரும் என்பதால் கூட வந்தவரிடம் கேட்போம். எங்கேயும் எழுதி வைக்காத விதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒருவர் காதில் சொல்வார், இரண்டாம் நாள் பழகிவிடும்.

பஞ்சவர்ணத்துக்கு ஒளி அடித்த அன்று விடியற்காலை அறைக்கு வெளியே நான் கேட்டதும் லோகநாதனிடம்தான். ஏழு கேள்விகள், ஒன்றரை நிமிடம். "காயம் எதுவும்?" "அதெல்லாம் ஒன்னும் இல்ல சார்." பஞ்சவர்ணம் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. காப்பு. வேண்டுதல் இருப்பவர்கள் கட்டுவது. எங்கள் தெருவிலும் கட்டுவார்கள், என்ன வேண்டுதலுக்கு என்ன குத்துவார்கள் என்று எனக்குத் தெரியாததில்லை. அறைக்குள் கயிறு, நகை எதுவும் கூடாது என்பதால் அதை நானே கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். போட்டுவிட்டு, படிவத்தில் 'காயம் இல்லை' என்று டிக் அடித்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒளி அடிக்கறப்ப வெப்பம் எங்க ஏறுதுன்னு திரையில தெரியுமில்லையா?" என்று கேட்டார் நசீமா பேகம்.

"தெரியும்."

"நாக்குல ஏறுனது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ரெண்டாவதா ஒரு எடம் செவக்க ஆரம்பிச்சுது."

"ஏன் நிறுத்தல?"

இதற்கு இயக்குநர் எனக்குப் பதில் எதுவும் சொல்லித் தரவில்லை.

"சந்தோஷப்பட்டேன் மேடம்," என்றேன். "செவந்தா அங்க புத்து இருக்குன்னு அர்த்தம். அப்படித்தான் பழக்கம். ஸ்கேன்ல தப்பிச்சத மருந்து கண்டுபுடிச்சிருச்சு, நாக்குக்குப் பரவ இருந்தது, நல்லவேளைன்னு நெனச்சேன். முழுசா வேகட்டும்னு பதினொரு நிமிஷமும் விட்டேன்."

லோகநாதன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்து அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவங்க கையில பட்டன் குடுத்திருப்பீங்களே. அமுக்குனா ஒளி நிக்கும்ல?"

"அமுக்கல."

நசீமா பேகம் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா அமுக்கல?"

இந்த முறை தட்டச்சு நீண்டது. சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பதைத் தாண்டியது. இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"கொஞ்சம் சுடும், பொறுத்துக்கங்கம்மான்னு இந்தத் தம்பி சொன்னாரு. வேல் குத்துனதையே தாங்குன நாக்கு. பொறுத்துக்கிட்டேன்."

நான் சொன்னதுதான். எல்லோரிடமும் சொல்வேன்.

நசீமா பேகம் எதையோ எழுதினார். எழுதி முடித்து, அடிக்கோடிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார். சீல் வைத்த அறை, பதிவேடு, எந்திரத்தின் அளவீடு, ஒளிக்குழாய் கடைசியாக மாற்றிய தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இயக்குநரிடம் காகிதம் இருந்தது. மணி நாலு கால் ஆனது. ஒளி அறையை இயக்கத் தயாராக்கவே இருபத்தைந்து நிமிடம் வேண்டும். பகல் ஷிப்ட் ஆள் சீல் வைத்த அன்றே வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தான். எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். என் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் மற்ற கால் ஆடியது.

"கடைசிக் கேள்வி," என்றார். "ஏழாவது கேள்வியை நோயாளிகிட்ட நேரடியா கேட்டீங்களா?"

கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரே சொல். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த சொல். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் நாக்கில்லாதவர். அவரைப் பார்த்துக்கொண்டு, 'உங்களைக் கேட்டேன், நீங்கள் இல்லை என்றீர்கள்' என்று சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்று சொன்னால் ஐந்து இருபதுக்குத் தாழ்வாரத்தில் இருப்பவருக்கு மருந்து ரத்தத்தில் இறங்கும்.

வாய் திறந்தபடியே இருந்தது.

"கேள்வி புரியலையா?"

"புரிஞ்சுது மேடம்."

மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம். விரல் மூட்டால் இரண்டு தடவை தட்டி எல்லோரையும் தன் பக்கம் பார்க்கவைத்தார். மில்லில் ஆட்களை அப்படித்தான் நிறுத்தியிருப்பார் என்று தோன்றியது. பிறகு தட்டச்சு செய்தார். இந்த முறை நிதானமாக, நல்ல தமிழில், ஒரு விண்ணப்பம் எழுதுவதுபோல.

"டெக்னீஷியன் என்னிடம் நேரடியாகக் கேட்டார். காயம் இல்லை என்று நான்தான் தலையாட்டினேன். என் மகன் அப்போது பக்கத்தில் இல்லை."

"அம்மா!" என்றான் லோகநாதன். "என்னம்மா சொல்ற? எங்கிட்டதான கேட்டாரு! நாந்தான..."

போன் அவனை முந்தியது. "இவன் பயத்துல உளறுறான். எழுதிக்கங்க."

நசீமா பேகம் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இதோட அர்த்தம் உங்களுக்குப் புரியுதா? இப்படிப் பதிவாச்சுன்னா தப்பு உங்களோடதுன்னு ஆயிரும். நாளைக்கு நீங்க கோர்ட்டுக்குப் போனா நிக்காது."

தலை ஆடியது. புரிகிறது.

"யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

தலை ஆடியது. இல்லை.

விசாரணை தொடங்கும் முன் பஞ்சவர்ணம் தாழ்வாரத்தில் விக்டோரியாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விக்டோரியா அவரிடம் எதையோ பேசிக்கொண்டே இருந்தார், பதில் வராது என்று தெரியாமல். அவருக்காக எழுதியிருக்கலாம். 'ஒன்னும் இல்ல சார்' என்ற மகனின் மூன்று சொற்களும் எந்தத் தாளிலும் ஏறிவிடக் கூடாது என்று எழுதியிருக்கலாம். எதற்காக என்று எனக்குத் தெரியாது. எனக்காக எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம். எழுதி முடித்தபின் என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இவங்க சொல்றது சரியா?" நசீமா பேகம் என்னைக் கேட்டார்.

இப்போது அந்தச் சொல் சுலபமாக வந்தது. "சரி மேடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவில்லை. நம்பாததை எழுத அவர் படிவத்தில் கட்டம் இல்லை. பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே வாக்குமூலத்தைக் கொடுத்தால் அதிகாரி அதைத்தான் எழுத வேண்டும். எழுதினார். இயக்குநர் சீல் அகற்றும் படிவத்தைத் தயாராக நீட்டினார். கையெழுத்தாகும்போது மணி நாலு முப்பத்திரண்டு.

நான் படியில் ஓடினேன். மெழுகு முத்திரையைச் சுரண்டி எறிந்துவிட்டு எந்திரத்தை எழுப்பினேன். நாலு நாள் பூட்டிக் கிடந்த அறையில் புழுக்கம் மூச்சடைத்தது. குளிரூட்டியைப் போட்டேன். அளவீடு ஓடி முடிய நாலு ஐம்பத்தெட்டு ஆனது.

விக்டோரியாவை அவர் கணவர் சூசை தள்ளிக்கொண்டு வந்தார். டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். விக்டோரியாவின் மடியில் இருந்த கோப்பில் பச்சைப் பொட்டு இருந்தது. நெஞ்சில் கொழுப்புக்கட்டி, வெளிச்சம் காட்டினால் கரைந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்கள்.

கோப்பை வாங்கி ஆறு கேள்விகளைக் கேட்டேன். நான் விக்டோரியாவைப் பார்த்துக் கேட்டேன். பதில் சூசையிடமிருந்து வந்தது.

"பத்து நாளுக்குள்ள உடம்புல எங்கயாவது காயம்?"

"இல்ல சார். ஒன்னும் இல்ல," என்றார் சூசை.

"அவங்க சொல்லட்டும்."

விக்டோரியா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "போன வாரம்..." என்று ஆரம்பித்தார்.

"ஏய், அது எதுக்கு இப்ப? அதெல்லாம் ஒன்னுமில்ல சார், நீங்க டிக் அடிங்க. நேரமாகுது."

"என்னது போன வாரம்?"

"ஒன்னும் இல்லங்கிறேன்ல!" சூசை என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வாய் என் காதுக்கு அருகில் வந்தது. பீடி நாற்றம். "சார், கேக்கக் கேக்க அவ திருப்பிக் கேப்பா. எதுக்கு இம்புட்டு விசாரிக்கிறாங்கன்னு. அவளுக்குத் தெரிஞ்சா அங்கனயே உக்காந்துருவா சார். அவங்க அக்கா இதுலதான் போச்சு. சொல்லிராதீங்க. நான் சொல்றேன், காயம் இல்ல. நான் கையெழுத்துப் போடுறேன். எங்க வேணாலும் போடுறேன்."

"நீங்க வெளிய இருங்க."

"எதுக்கு?"

"அவங்கட்ட தனியா பேசணும்."

"அதெல்லாம் முடியாது. பதினெட்டு வருஷமா எம் பொண்டாட்டி, அவளுக்கு என்ன காயம்னு எனக்குத் தெரியாதா?"

"லோகநாதனும் இப்படித்தான் சொன்னாரு."

"யாரு லோகநாதன்?"

மணி ஐந்து மூன்று. ஒளி பதினொரு நிமிடம். கையில் இருப்பது ஆறு நிமிடம். அதற்குள் ஒரு மனுஷியிடம் அவருக்கு என்ன நோய் என்று சொல்ல வேண்டும், இந்த மருந்து எதைத் தேடிப் போகும் என்று சொல்ல வேண்டும், அப்புறம் போன வாரம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவர் அழுதால் நேரம் போய்விடும். வேண்டாம் என்று எழுந்தால் அதுவும் அவர் இஷ்டம். காயம் எங்கே என்று சொன்னால், அந்த இடத்தில் பட்டுவிடாமல் ஒளியைத் திருப்பிவைக்க எனக்கு வழி தெரியும். சொல்லாவிட்டால் வழி இல்லை. ஒரு வருஷமாக இந்த அறையில் நான் பார்த்த வேலையில் இது ஒன்றும் கிடையாது.

"ஏங்க," என்றார் விக்டோரியா. இரண்டு பேரும் திரும்பினோம். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கணவனை அல்ல. "அவரு எங்கிட்ட என்னமோ கேக்கணுங்கிறாரு. கேக்கட்டும். நீங்க போங்க."

"விக்கி, நீ சும்மா..."

"போங்கன்னா."

சூசையின் கை என் தோளிலிருந்து விழுந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். நிலைப்படியில் நின்றுகொண்டு மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். வேண்டாம் சார். நான் அவர் மார்பில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினேன். அவர் தாழ்வாரத்துக்குப் போனதும் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினேன்.